7.3 சதவீத வளர்ச்சி என்கிறார்கள். கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளாண்ட் போடக் கடன் வாங்கலாமா?

கேட்பவர்: பல்லடம் ஒப்பந்ததாரர்

அனைவருக்கும் வணக்கம். பல்லடம், காங்கயம் சுற்றுவட்டாரத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கட்டட ஒப்பந்தம் எடுத்துச் செய்து வருகிறேன். என் வேலையில் பாதி தனி வீடுகள். மீதி, பின்னலாடைக் கம்பெனிகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் ஷெட் கட்டுவதும், அவ்வப்போது கோழிப்பண்ணைக் கொட்டகை போடுவதும்தான்.

2025 டிசம்பர் 5ஆம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை) 5.25 சதவீதமாகக் குறைத்ததோடு, 2025-26 நிதியாண்டுக்கான வளர்ச்சிக் கணிப்பை 6.8 சதவீதத்திலிருந்து 7.3 சதவீதமாகவும் உயர்த்தியிருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் மட்டும் நாட்டின் வளர்ச்சி 8.2 சதவீதம் என்று முன்பே வெளியாகியிருந்தது. இதைப் படித்த கையோடு என் வங்கி மேலாளரே அழைத்து, சிறிய பேட்சிங் பிளாண்ட் ஒன்றும் கான்கிரீட்டை ஏற்றிச் செல்லும் இரண்டு டிரான்சிட் மிக்சர் வண்டிகளும் வாங்கக் கடன் தரத் தயாராக இருப்பதாகச் சொன்னார். மொத்தச் செலவு ஒன்றரைக் கோடி ரூபாய். அதில் ஒரு கோடியே இருபது லட்சம் கடனாகக் கிடைக்கும்.

ஆனால் என் கண் முன்னால் இருப்பது வேறாக இருக்கிறது. திருப்பூருக்கு அருகே ஒரு பனியன் கம்பெனிக்கு பி.இ.பி. ஷெட் (ஆலையில் செய்துவந்த இரும்புச் சட்டங்களைப் பூட்டி நிறுத்தும் கொட்டகை) எடுத்திருந்தேன். கடைக்கால் தோண்டி 42 பெடஸ்டலும் (தூண்களைத் தாங்கும் கான்கிரீட் பீடம்) போட்டு முடித்து, தூண்களைப் பூட்டும் ஆங்கர் போல்ட்டுகளை மட்டம் பார்த்து நிறுத்தியாகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்ததும் அந்த முதலாளி, ஆர்டர் நிலவரம் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவிட்டார். அந்த போல்ட்டுகளின் மரையில் துரு ஏறாமல் இருக்கக் கிரீஸ் தடவி, சிமெண்ட் பையைக் கிழித்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருக்கிறோம். நான்கு மாதங்களாக அப்படியே நிற்கின்றன. வாரம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நாட்டின் வளர்ச்சி உண்மையிலேயே எங்கள் தொழிலுக்கு வந்து சேருகிறதா, வந்தால் எந்த வழியாக, எவ்வளவு காலம் கழித்து வருகிறது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். கடன் வாங்குவதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மறுமொழி: ஈரோட்டுப் பொறியாளர்

தம்பி, முப்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டடத் தொழில் வளர்ச்சியின் அளவைப் பார்த்து நடப்பதில்லை. அந்த வளர்ச்சி சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்பதைப் பார்த்துத்தான் நடக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல ஆண்டுகள் ஆயின.

உங்கள் ஊர்க் கணக்கிலேயே பார்க்கலாம். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் சேர்த்து ஆயிரம் தையல் மெஷின் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் 10 சதவீதம் கூடும் ஆண்டில் அவர்களுக்குப் புதிதாக 100 மெஷினும் அவற்றுக்கு இடமும் தேவைப்படும். அந்த இடத்தைக் கட்டுவது உங்கள் வேலை. மறு ஆண்டு ஆர்டர் 5 சதவீதம் கூடுகிறது. கம்பெனிக்கு அதுவும் வளர்ச்சிதான். யாரும் நட்டம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு இப்போது வேண்டியது 55 மெஷினுக்கான இடம் மட்டுமே. அவர்கள் தொழில் வளர்ந்துகொண்டிருக்கும்போதே உங்கள் வேலை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஆர்டர் கூடவே இல்லை என்றால், அவர்கள் கம்பெனி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்க, உங்களுக்கு ஒரு சதுர அடி வேலைகூட இருக்காது. ஒரு முறை கட்டிய ஷெட் முப்பது ஆண்டு நிற்கும் பொருள் என்பதால்தான் இந்தத் தொழிலுக்கு இந்த விதி. அரிசி விற்பவருக்கு இது கிடையாது.

அடுத்தது காலம். முதலாளி இன்றைய வளர்ச்சியைப் பார்த்துக் கட்டடம் தொடங்குவதில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து என்ன நடக்கும் என்று அவர் நம்புகிறாரோ அதைப் பார்த்துத் தொடங்குகிறார். நிலம் பதிவாகி, வரைபட அனுமதி வந்து, மின் இணைப்புக்கு விண்ணப்பித்து, வேலை தொடங்குவதற்குள் அவருடைய நம்பிக்கை பழையதாகியிருக்கும். நல்ல காலத்தில் தொடங்கிய வேலை கெட்ட காலத்தில் முடிவதும், கெட்ட காலத்தில் விலை பேசிய வேலை விலையேற்றத்தில் மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

பின்னதை நான் பட்டு அறிந்தவன். 2020இல் ஊரடங்கு தளர்ந்ததும், வேலை கிடைத்தால் போதும் என்று சில வீடுகளுக்குச் சதுர அடி 2,000 ரூபாய்க்குப் பொருளோடு விலை பேசினேன். அப்போது கம்பி கிலோ 50 ரூபாயை ஒட்டி இருந்தது. 2021இல் பொருளாதாரம் மீண்டெழுந்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். கம்பி விலையும் எழுந்து, உக்ரைன் போர் தொடங்கிய பிறகு 2022 ஏப்ரலில் 75 ரூபாயைத் தாண்டியது. அந்த மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்ட பிறகுதான் இறங்கத் தொடங்கியது. 2,000 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 4 கிலோ வீதம் 8,000 கிலோ கம்பி வேண்டும். கிலோவுக்கு 25 ரூபாய் கூடினால் இரண்டு லட்சம் ரூபாய். நாற்பது லட்ச ரூபாய் வேலையில் எனக்கு நிற்க வேண்டியதே நான்கு லட்சம்தான். கம்பி ஒன்றே அதில் பாதியைக் கொண்டுபோயிற்று. சிமெண்ட், கூலி, டீசல் எல்லாம் அதற்கு மேல். நான் பார்த்த வரையில், எங்கள் பகுதியில் நொடித்துப்போன ஒப்பந்ததாரர்களில் வேலை இல்லாமல் நொடித்தவர்களைவிட, வேலை நிறைய இருந்தபோது நொடித்தவர்களே அதிகம்.

ஆகவே பிளாண்ட் வாங்கும் முன், இப்போது நீங்கள் கையெழுத்திட்டிருக்கும் ஒப்பந்தங்களில் கம்பி, சிமெண்ட் விலையேற்றத்துக்கான ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 7.3 சதவீதம் என்பது உங்களுக்கு நல்ல செய்தியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

மறுமொழி: கோவை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

பொறியாளர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, கடன் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சிறு தொழில் கடன்களைப் பல ஆண்டுகள் பரிசீலித்தவன் நான். கட்டட ஒப்பந்ததாரர்களின் கணக்குப் புத்தகங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2019 அக்டோபர் முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கான மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருப்பதால், வட்டிக் குறைப்பு முன்பைவிட விரைவாக உங்களை வந்தடையும். 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் ரெப்போ 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாக, அதாவது ஒன்றேகால் சதவீதம் இறங்கியிருக்கிறது. ஒரு கோடியே இருபது லட்சத்தை ஐந்து ஆண்டுத் தவணைக்கு 11.25 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 2,62,000 ரூபாய். 10 சதவீதத்தில் வாங்கினால் சுமார் 2,55,000 ரூபாய். இத்தனை பெரிய செய்தியாகப் பேசப்பட்ட வட்டிக் குறைப்பு முழுவதும் சேர்ந்து உங்களுக்கு மிச்சப்படுத்துவது மாதம் ஏழாயிரத்துச் சொச்சம்.

இதை உங்கள் பில் பாக்கியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 40 லட்ச ரூபாய் பில் ஒரு மாதம் தாமதமானால், அதே 10 சதவீத வட்டியில் 33,000 ரூபாய்க்கு மேல் போகிறது. ஒரு வாடிக்கையாளர் ஒரு மாதம் இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கி ஓர் ஆண்டில் தந்த சலுகையில் நான்கு மாதத்துக்கும் மேலானது கரைந்துவிடும். வளர்ச்சி குறையும்போது முதலில் குறைவது வேலை அல்ல. பணம் வரும் வேகம்தான். வேலை நிற்பது பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். 2018 செப்டம்பரில் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை தவறியபோது, நாட்டின் வளர்ச்சி எண்கள் இன்னும் நன்றாகவே இருந்தன. ஆனால் வங்கி சாரா நிதி நிறுவனங்கள் கட்டுநர்களுக்குப் பணம் தருவதைச் சுருக்கிக்கொண்டதால், அடுக்குமாடித் திட்டங்களில் துணை ஒப்பந்தம் எடுத்தவர்களின் ரன்னிங் பில்கள் (வேலை நடக்க நடக்கத் தரும் பில்கள்) தேங்கத் தொடங்கின.

இனி பிளாண்ட் கணக்கு. எல்லாச் செலவும் போகக் கன மீட்டருக்கு 350 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், தவணை கட்டுவதற்கு மட்டுமே மாதம் சுமார் 730 கன மீட்டர் கான்கிரீட் ஊற்ற வேண்டும். 2,000 சதுர அடித் தார்சுக்கு (கான்கிரீட் கூரைக்கு), 5 அங்குலக் கனத்தில், ஏறத்தாழ 24 கன மீட்டர் பிடிக்கும். அப்படியானால் மாதம் முப்பது தார்சு. நாளுக்கு ஒன்று, மழை நாளிலும் பண்டிகை நாளிலும். உங்கள் சொந்த வேலையில் மாதம் எத்தனை தார்சு போடுகிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மீதியை வெளியே விற்க வேண்டுமானால், நீங்கள் ஒப்பந்ததாரர் என்ற நிலையிலிருந்து ரெடிமிக்ஸ் வியாபாரி என்ற நிலைக்கு மாறுகிறீர்கள். அது வேறு தொழில். அதில் கடன் கொடுக்காமல் விற்க முடியாது.

மறுமொழி: சேலம் பொருளாதார ஆசிரியர்

முன்னவர்கள் இருவரும் தொழிலின் உள்ளிருந்து பேசினார்கள். நான் சற்றுத் தள்ளி நின்று, வளரும் நாடுகளில் இது ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

வளர்ச்சி எண் ஒன்று; அது எந்தெந்தத் துறைகளால் ஆனது என்பது வேறு. சீனாவைப் பாருங்கள். 2023இலும் 2024இலும் அந்நாடு அறிவித்த வளர்ச்சி 5 சதவீத அளவில் இருந்தது. அதே ஆண்டுகளில் அங்கு மனை, வீடு கட்டும் துறையில் போடப்பட்ட முதலீடு ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் சுருங்கியது. கட்டுநர்கள் வாங்கும் கடனுக்கு 2020இல் அரசு வரம்பு விதித்ததும், 2021 இறுதியில் எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டுநர் நிறுவனம் கடனைத் திருப்பித் தர முடியாமல் தவறியதும், முன்பணம் கொடுத்து வீடு வாங்கியவர்களின் நம்பிக்கை உடைந்ததும் சேர்ந்து அதைச் செய்தன. ஏற்றுமதியும் ஆலை உற்பத்தியும் நாட்டின் வளர்ச்சியைத் தாங்கின. வீடு கட்டும் துறை தாங்கப்படவில்லை. உங்கள் ஊரில் இன்று இருப்பது இதற்கு நேர்மாறான நிலை. நாட்டின் உள்நாட்டுத் தேவை வளர்கிறது, ஏற்றுமதியை நம்பிய ஊர் தயங்குகிறது. 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த திருப்பூரில், அமெரிக்க வாங்குநரின் ஒரு மின்னஞ்சல் தேசிய வளர்ச்சிக் கணிப்பைவிட வலிமையானது.

இலங்கை இன்னொரு பாடம். 2022 ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. அந்த ஆண்டு அதன் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. ரூபாய் மதிப்பு விழுந்ததால் சிமெண்ட் மூட்டை விலை ஓராண்டுக்குள் இரண்டு மடங்குக்கும் மேலானது. அரசு வேலை செய்த ஒப்பந்ததாரர்களின் பில்கள் முடங்கின. வருவாய் குறைந்த அரசு சம்பளத்தையும் வட்டியையும் முதலில் கொடுக்கும். சாலையும் கட்டடமும் காத்திருக்கும். வளரும் நாடுகளில் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது மூலதனச் செலவுதான் என்பது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

இந்தியாவில் கொரோனாவுக்குப் பின் இது மாற்றி நடத்தப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் மூலதனச் செலவு 2019-20இல் 3.36 லட்சம் கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் 11.21 லட்சம் கோடி. தமிழ்நாடும் 2024-25இல் 11.19 சதவீத வளர்ச்சி கண்டது. நம் பகுதியிலேயே அத்திக்கடவு-அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்தது. கோவை அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. தனியார் தயங்கும் காலத்தில் பொதுப்பணி பக்கம் திரும்புவதுதான் உங்களுக்கு வழி என்று நான் நினைக்கிறேன். பொதுப்பணித் துறையில் ஒப்பந்ததாரராகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி: ஈரோட்டுப் பொறியாளர்

ஆசிரியர் சொல்வதில் கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பதினொரு லட்சம் கோடி, பல்லடத்து ஒப்பந்ததாரரைப் போய்ச் சேரும்போது மூன்றாம் கையாகத்தான் சேரும். பெரிய நிறுவனம் எடுத்து, அதனிடம் ஒருவர் துணை ஒப்பந்தம் எடுத்து, அவரிடம் இவர் கம்பி கட்டும் வேலையோ வடிகாலோ எடுப்பார். ஒப்பந்தத்தில் 'பேக் டு பேக்' என்று ஒரு வரி இருக்கும். மேலே பணம் வந்தால்தான் கீழே வரும். ஒரு சாலைப் பணியில் நான் செய்த வடிகால் வேலைக்குக் கடைசி பில்லும், உத்தரவாதமாகப் பிடித்துவைத்த 5 சதவீதமும் கைக்கு வர இரண்டே கால் ஆண்டுகள் ஆயின. வேலை நன்றாகத்தான் இருந்தது. செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தில் ஒரு குறையும் எழுதப்படவில்லை.

நேரடியாக டெண்டர் எடுப்பதென்றாலும், 2026 மே மாதத்துக்குள் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் நடந்தாக வேண்டும். தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் நடக்கிற வேலை நடக்கும். புதிய டெண்டர் முடிவாகாது. பதிவு செய்வதற்கு இது நல்ல நேரம், வேலையை எதிர்பார்ப்பதற்கு அல்ல.

மறுமொழி: கோபிசெட்டிபாளையம், சென்டரிங் வாடகைக் கடை நடத்தும் பெண்மணி

தம்பி, கான்கிரீட் ஊற்றும்போது அடியில் தாங்கும் சென்டரிங் தகடு, ஜாக்கி, சாரக்குழாய் எல்லாம் எங்களிடம் வாடகைக்குக் கொடுக்கிறோம். பொருளாதாரம் எனக்குத் தெரியாது. ஆனால் எத்தனை தகடு குடோனில் இருக்கிறது என்பது தினமும் தெரியும். வீடு கட்டுபவர்கள் பக்கம் வேலை குறையவில்லை. சிமெண்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, ஒத்திப்போட்டவர்கள் சிலர் வந்து கேட்டார்கள். 360 ரூபாய் மூட்டைக்கு வரியில் மட்டும் 28 ரூபாய் குறைந்திருக்க வேண்டும்.

எனக்குத் தட்டுப்பட்டது ஆள் பற்றாக்குறைதான். சத் பண்டிகைக்கும் பீகார் தேர்தலுக்கும் ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரத் தாமதமானதில், நவம்பர் முழுக்கத் தகடு வாடகைக்குப் போனது, ஆனால் குறித்த நாளில் திரும்பி வரவில்லை. தார்சு போட ஆள் இல்லாமல் தளத்திலேயே கிடந்தது. வாடகை ஓடியது, வேலை ஓடவில்லை. சென்டரிங் கடைகளில் தகடு குடோனில் அடுக்கிக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடன் வாங்குங்கள். பேப்பரில் வருவதற்கு ஆறு மாதம் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேட்பவர்: பல்லடம் ஒப்பந்ததாரர்

அண்ணா, ஐயா, அக்கா, அனைவருக்கும் நன்றி. மாதம் முப்பது தார்சு என்ற கணக்கை என் பழைய பதிவேட்டோடு வைத்துப் பார்த்தேன். மிக நன்றாகப் போன 2023-24இல்கூட, ஷெட் வேலையின் கான்கிரீட்டையும் சேர்த்து, ஒரு மாதத்தில் அதிகபட்சம் 310 கன மீட்டர்தான் போட்டிருக்கிறேன். வங்கியில் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சொன்னபடி பல்லடத்திலும் சூலூரிலும் மூன்று சென்டரிங் கடைகளைப் போய்ப் பார்த்தேன். வீட்டு வேலைக்கான தகடுகள் ஏறத்தாழ எல்லாம் வெளியே இருக்கின்றன. உயரமான ஷெட்டுக்கான சாரக்குழாய்கள் கட்டுக் கட்டாக உள்ளே கிடக்கின்றன. அதனால் இந்த ஆண்டு ஷெட் வேலைக்கென வைத்திருந்த ஆட்களை வீட்டு வேலைக்குத் திருப்புகிறேன். புதிய ஒப்பந்தங்களில் கம்பி விலை கிலோவுக்கு 5 ரூபாய்க்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் சதுர அடி விலை மாறும் என்று ஒரு ஷரத்துச் சேர்த்திருக்கிறேன். மூன்று பேரிடம் பேசியதில் இருவர் ஏற்றுக்கொண்டார்கள்.

பொறியாளர் அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நிற்கிற அந்த ஷெட்டுக்கு, பெடஸ்டல் வரை முடிந்த வேலைக்கான பில்லை இப்போதே முழுதாகக் கேட்டால் முதலாளி மனம் கோணுவாரோ என்று தயங்குகிறேன். பதினோரு ஆண்டுப் பழக்கம்.

மறுமொழி: ஈரோட்டுப் பொறியாளர்

கேளுங்கள் தம்பி. பழக்கம் இருப்பதால்தான் கேட்க முடியும். இருவரும் சேர்ந்து அளவெடுத்து, அளவுப் புத்தகத்தில் அவர் கையெழுத்தையும் வாங்கிவிட்டு, தொகையை இரண்டு மூன்று தவணையாகத் தரச் சொல்லுங்கள். வேலை மீண்டும் தொடங்கும்போது அன்றைய கம்பி விலைக்குப் புது விலை பேசிக்கொள்வது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போல்ட்டில் சுற்றிய பையை அவிழ்த்து ஒரு முறை பாருங்கள். மார்கழிப் பனியில் உள்ளே ஈரம் கோத்திருக்கும். துடைத்துவிட்டுப் புதுக் கிரீஸ் போட்டு, சிமெண்ட் பைக்குப் பதில் ஒரு சாண் பி.வி.சி. குழாயை மேலே கவிழ்த்து மூடிவிடுங்கள்.